கப்பல் ஏறக் கேளுங்கள்



கடல்தரையை ஒலியால் அளக்கும் மல்டிபீம் சோனாரின் முன்னால் நான் முதன்முதலாகக் கண்காணிப்புப் பணி பார்த்தது நள்ளிரவு 12 மணியிலிருந்து 4 மணி வரை. திரையில் கடல்தரை இரு ஓரங்களிலும் பொரித்த அப்பளம் போல மேலே சுருண்டு நின்றது. கப்பல் போகும் வழியெல்லாம் பள்ளத்தாக்கு! எனக்குக் கை கால் ஓடவில்லை. மூத்தவர் ஒருவர் வந்து பார்த்தார். “கடைசியா சவுண்ட் வெலாசிட்டி எப்பம்மா எடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டார். நீரில் ஒலியின் வேகத்தை அளந்து ஆறு மணி நேரமாகியிருந்தது. அதற்குள் நீரின் வெப்பமும் உப்பும் மாறி, ஒலி வேறு பாதையில் வளைந்து போய்க்கொண்டிருந்தது. கருவியை இறக்கி மறுபடி அளந்தோம். பள்ளத்தாக்கு காணாமல் போனது. கீழே இருந்தது வெறும் சமதரை. இந்தப் பாடத்தைத் தேர்வில் நான் பிழையில்லாமல் எழுதியிருந்தேன். புரிந்தது அன்றிரவுதான்.

அளக்க வேண்டிய கடல்தரை இன்னும் நிறைய இருக்கிறது. உலகக் கடல்தரை முழுவதையும் வரைவதற்கான ‘சீபெட் 2030’ திட்டம் 2017இல் தொடங்கியபோது, அதில் நவீன முறையில் அளந்து வரைந்த பகுதி சுமார் 6 விழுக்காடு. இன்று கால்பங்கைத் தாண்டியிருக்கிறது. மிச்சத்தை அளக்க ஆள் வேண்டும். பயிற்சிக்கு இடங்கள் உண்டு. கோவாவில் தேசிய நீர்வரைவியல் நிறுவனம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் நிப்பான் அறக்கட்டளை உதவியோடு 2004 முதல் ஓராண்டுப் படிப்பு நடக்கிறது. பல நாட்டு இளைஞர்கள் அங்கே படித்துக் கப்பலிலும் போய்வருகிறார்கள். அதில் படித்தவர்களை மையமாகக் கொண்ட குழுதான் 2019இல் ஆழ்கடல் வரைபடத்துக்கான எக்ஸ்பிரைஸ் போட்டியில் முதல் பரிசு பெற்றது. நம் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் ஆய்வுக் கப்பல்கள் இருக்கின்றன. மாணவர்களே, கப்பலில் இடம் கேட்டு எழுதுங்கள். இல்லை என்றால் அடுத்த பயணத்துக்குக் கேளுங்கள்.

மகளைக் கடலுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அட்லாண்டிக் நடுவே ஓடும் மலைத்தொடரின் பிளவை 1950களில் கண்டுபிடித்தவர் மேரி தார்ப். பிறர் கொண்டுவந்த ஆழக் கணக்குகளைக் கரையில் உட்கார்ந்து வரைந்துதான் அதைக் கண்டார். பெண் என்பதால் அவரைக் கப்பலில் ஏற்றவில்லை. 1960களின் பிற்பாதியில்தான் கடலுக்குப் போனார். அந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. உங்கள் மகளை அப்படிக் கரையில் காக்க வைக்காதீர்கள். ஆய்வுக் கப்பல் ஒவ்வொன்றிலும் மாணவருக்கென ஒரு படுக்கையாவது ஒதுக்க வேண்டும் என்று, மேடையில் இருக்கும் நிறுவனத் தலைவர்களிடம் இந்த நேரத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

கப்பலில் முதல் இரண்டு நாள் குமட்டும். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். டெக்குக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். மூன்றாம் நாள் பசிக்கத் தொடங்கும். கப்பல் கிளம்பும் தேதி தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.