7 ரூபாய் 1 காசும் 2 ரூபாய் 44 காசும்

இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

மின்சாரத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். நான் சேர்ந்த காலத்தில் இந்த ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு பெயர் இருந்தது. ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று மேலதிகாரிகள் மிரட்டுவார்கள். கண்மாய் பெருகினால் ஒரு போகம் நெல், இல்லாவிட்டால் மிளகாய். அதுவும் பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது. உங்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் அந்தப் புகையில் நின்றவர்கள்தான்.

அந்தக் காட்டில்தான், கமுதிக்குப் பக்கத்தில், 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. சுமார் 2,500 ஏக்கர். 25 லட்சம் தகடுகள். எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகத்திலேயே பெரியது என்று அன்றைக்குப் பேசப்பட்டது. எந்த வெயிலைக் காட்டி நம்மை மிரட்டினார்களோ, அந்த வெயிலைத் தேடி முதலீடு வந்தது.

வெயில் அப்படியேதான் இருக்கிறது, உங்கள் தாத்தா காலத்திலும் இதே வெயில்தான். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கான் சூரிய மின்கலத்தைச் செய்து காட்டியது 1954-ல். விழுந்த ஒளியில் ஆறு சதவீதத்தை அது மின்சாரமாக மாற்றியது. அதன்பிறகு அறுபது ஆண்டுகள் ஏன் காத்திருக்க நேர்ந்தது? பொறியியல் பட்டம் வாங்கும் நீங்கள் இந்தக் கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

பாதி விடை தகட்டின் விலையில் இருக்கிறது. 2000-ல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. சூரிய மின்சாரம் தயாரிப்பவருக்கு இருபது ஆண்டுகளுக்கு நிலையான விலை உண்டு என்றது. அந்த ஒரு வாக்குறுதியை நம்பிச் சீனாவில் தொழிற்சாலைகள் முளைத்தன. ஆஸ்திரேலியாவில் பேராசிரியர் மார்ட்டின் கிரீனிடம் படித்த ஷி ஜெங்ராங் ஊர் திரும்பி, 2001-ல் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். உலகத்தில் இதுவரை செய்த தகடுகளின் மொத்த அளவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கி வந்திருக்கிறது. செய்யச் செய்யக் கை பழகியது, அவ்வளவுதான்.

மீதிப் பாதியை வகுப்பில் அதிகம் சொல்வதில்லை. அதனால் அங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

கமுதி மின்சாரத்துக்கு 2015-ல் ஒப்பந்தமான விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. 2017 மே மாதம் ராஜஸ்தானில், அப்போதைய ஜோத்பூர் மாவட்டத்துப் பாலைவனத்தில் இருந்த பட்லாவுக்கு டெண்டர் விட்டபோது வந்த விலை 2 ரூபாய் 44 காசு. நடுவில் இரண்டு ஆண்டு கூட ஆகவில்லை. அங்கே வெயில் கொஞ்சம் கூடுதல், நிலமும் மின்பாதையும் முன்கூட்டியே தயாராக இருந்தன, ஏலத்தில் போட்டி கடுமை, தகடும் மலிந்திருந்தது. எல்லாம் சரி. இவற்றோடு இன்னொன்றும் இறங்கியது: கடன் கொடுப்பவரின் பயம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சூரிய மின்நிலையத்துக்கு நிலக்கரி வாங்க வேண்டாம். செலவு ஏறக்குறைய முழுவதும் முதல் நாளே முடிந்துவிடுகிறது. ஒரு மெகாவாட்டுக்கு 4 கோடி ரூபாய், அதில் 3 கோடி கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் கிடைக்கிறது. வட்டி ஒரு சதவீதம் ஏறினால் முதல் ஆண்டில் கூடுதல் சுமை 3 லட்சம். யூனிட்டுக்கு 19 காசு. வெயிலில் ஒரு மாற்றமும் இல்லை, தகட்டில் ஒரு மாற்றமும் இல்லை, விலை மட்டும் ஏறிவிட்டது. மின்சாரத்தை வாங்குபவர் மாதாமாதம் ஒழுங்காகப் பணம் தருவாரா என்ற சந்தேகம்தான் அந்த வட்டியாக வந்து உட்காருகிறது.

இதை பட்லாவுக்கு முன்பே நன்றாகப் புரிந்துகொண்ட இடம் மத்தியப் பிரதேசத்து ரீவா. 750 மெகாவாட். பணம் தாமதமானால் எடுத்துக் கொடுக்க ஒரு நிதி, அதற்கும் மேலே மாநில அரசின் உத்தரவாதம் என்று அடுக்கடுக்காகப் பாதுகாப்பு வைத்தார்கள். தில்லி மெட்ரோவை ஒரு வாடிக்கையாளராகச் சேர்த்தார்கள். முதலாண்டு விலை 2 ரூபாய் 97 காசுக்கு இறங்கியது. ஒப்பந்தத்தை ஒழுங்காக எழுதியவர்களும் அங்கே பொறியாளர்களுக்குச் சமமாக மின்சாரத்தை மலிவாக்கினார்கள் என்பது என் துணிபு.

நம்பிக்கையை நிலம் தருபவருக்கும் கொடுக்கவேண்டும். கர்நாடகத்தின் பாவகடா, நம் ஊரைப் போலவே ஓயாமல் வறட்சி கண்ட தாலுகா. அங்கே சுமார் 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்வு. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கிறது. நல்ல ஏற்பாடு, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் நிலம் வைத்திருந்தவருக்குக் குத்தகை வந்தது, அந்த நிலத்தில் களை பறித்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் குத்தகை இல்லை. நாளை நீங்கள் ஒரு திட்டத்துக்கு வரைபடம் போடும்போது வெற்று நிலம் என்று எழுதுவதற்கு முன், அங்கே யாருடைய ஆடு மேய்கிறது என்று கேளுங்கள்.

இந்தியாவின் சூரிய மின்திறன் 2025 ஜனவரியில் 1,00,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இனி உங்களுக்கு வேலை மாலை ஆறு மணிக்குத்தான் இருக்கிறது. நண்பகலில் மின்சாரம் குவிகிறது. வெயில் சாய்ந்ததும் வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஒன்றாக ஓடும்போது தகடுகள் உறங்கிவிடுகின்றன. ஒரு மாலையில் சில ஆயிரம் மெகாவாட்டை வேறு இடத்திலிருந்து கொண்டுவருவது எப்படிப்பட்ட பதற்றம் என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 400 மெகாவாட். உபரி மின்சாரம் இருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது அதன் வேலை. 1980-களில் நம்மவர்கள் கட்டியது. ஏற்றுவதற்கு இனி நண்பகலைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. அதைப் போல இன்னும் பல வேண்டும், மின்கலச் சேமிப்பும் வேண்டும், மின்சாரத்தை ஊருக்குக் கொண்டுவரும் கம்பிகளும் வேண்டும்.

கடைசியாக, நான் கண்ணால் பார்த்த ஒன்று. ஒரு சூரிய மின்நிலையத்தில் ஒரு வரிசை மட்டும் எப்போதும் உற்பத்தி குறைவாகவே காட்டியது. அலுவலகத்தில் கணினித் திரையைப் பார்த்துப் பார்த்து மூன்று வாரம் போயிற்று. தூசி என்றார்கள், கழுவினார்கள். தகடு பழுது என்றார்கள், மாற்றினார்கள். ஒருநாள் உச்சி வெயிலில், ஐ.டி.ஐ. படித்த ஒரு பெண், வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவை வைத்துக்கொண்டு தகடுகளுக்கு அடியில் குனிந்து குனிந்து போனார். ஒரு இணைப்பு மட்டும் திரையில் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வரிசையை நிறுத்திக் கழற்றிப் பார்த்தால், உள்ளே கம்பியை முழுதாகச் செருகாமலே நசுக்கி இறுக்கி, கிரிம்ப் செய்திருக்கிறார்கள். உறை உருகிப் பழுப்பேறியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் கீழே காய்ந்த புல்லில் தீப் பிடித்திருக்கும். கெடு தேதிக்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் யாரோ செய்த வேலை. அதைச் சரிபார்த்ததாக ஒரு பொறியாளர் கையெழுத்தும் போட்டிருந்தார்.

கமுதியில் பதித்த தகடுகளுக்கு 25 ஆண்டு ஆகும்போது 2041. உங்களுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. அவற்றைக் கழற்றுவதா, மாற்றுவதா, கண்ணாடியையும் வெள்ளியையும் எப்படிப் பிரித்தெடுப்பது என்று முடிவெடுக்கும் நாற்காலியில் உங்களில் ஒருவர் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதுவரை, எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதானாலும், முதலில் வெயிலில் இறங்கிப் போய் அந்தக் கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.