பள்ளி கைமாறும்போது பெற்றோர் கடமை

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் கழகத்தின் கல்விக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

வெள்ளி விழா மேடையில் கடந்து வந்த பாதையின் சிறப்பை எடுத்துரைப்பது மரபு. அப்பணியை எங்களுக்கு முன்னர்ப் பேசிய பெரியோர் செவ்வனே செய்து முடித்தனர். ஆதலின், அண்மையில் நம்மைக் கலங்க வைத்த ஒரு நிகழ்ச்சியையும், அதனின்று நாம் கற்க வேண்டியதையும் மட்டும் உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

சென்ற கோடை விடுமுறைக்குச் சிறிது முன்னர், நம் பகுதியில் உள்ள ஒரு தனியார் பள்ளியின் தாளாளர், தம்மால் இனிப் பள்ளியை நடத்த இயலாது என்றும், வேறோர் அறக்கட்டளை அதனை ஏற்றுக்கொள்ளக் கூடும் என்றும் அறிவித்தார். யார் ஏற்பர், எப்போது ஏற்பர், எந்த வகுப்பு வரை தொடரும் என்பதற்கு விடையில்லை. ஆசிரியைகளுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. வரும் ஆண்டுக்கெனச் சிலரிடம் பணமும் முன்னதாகவே வாங்கப்பட்டிருந்தது. அன்று மாலை நம் கழக அலுவலகத் திண்ணையில் நாற்பது பெற்றோர் வந்து அமர்ந்தனர். அவர்களுள் ஒரு தாய், காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டிய கட்டணத்தின் ரசீதை மடியிலிருந்து எடுத்துக் காட்டி, "ஐயா, இந்தச் சீட்டு இனிச் செல்லுமா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல எங்களால் முடியவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

நம் மக்கள் ஏன் தனியார் பள்ளியை நாடினர் என்று குறைகூறுவோர் உண்டு. தாம் பெறாத ஆங்கிலக் கல்வியைத் தம் பிள்ளையேனும் பெறட்டும் என்று விரும்பிய தாயைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால், வசதியுடைய குடும்பத்துக்கும் நமக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. பள்ளி மூடப்பட்டால் வசதியுடையவர் வேறு பள்ளிக்கு வண்டி அமர்த்துவார். நம் வீட்டிலோ ஓராண்டு தடைப்பட்ட படிப்பு பெரும்பாலும் ஒரேயடியாக நின்றுவிடுகிறது. அதிலும் பெண் பிள்ளையின் படிப்பே முதலில் நிற்கிறது. பத்தாண்டு உழைத்து ஏற்றிய விளக்கு ஒரு கோடை விடுமுறையில் அணைந்து போவதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

பள்ளிகள் கைமாறுவது நம் வரலாற்றில் புதிதன்று. 1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றை அடுத்த ஊரூர்ப் பகுதியில் நம் பிள்ளைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அவர் 1907இல் மறைந்தார். பள்ளி அவர் பெயர் தாங்கி நிலைத்து நின்றது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். 1959இல் அவர் மறைந்தார். அப்பள்ளி இன்று அரசின் ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளியாக நந்தனார் பெயருடனேயே நடைபெறுகிறது. அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைப் பதிவு செய்து, அதன் வழியாக 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியை நிறுவினார். தம் பெயரில் ஒரு கல்லூரியைத் தனியுடைமையாக வைத்துக்கொள்ளாமல், முதலில் ஒரு கழகத்தை அமைத்தார் என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். தனி மனிதரின் தோளில் மட்டும் நிற்கும் பள்ளி, அத்தோள் தளர்ந்த நாளில் சாய்ந்துவிடும். ஓர் அமைப்பின்மேல் நிற்கும் பள்ளி கைமாறினும் உயிர் பிழைக்கும்.

எனவே, கைமாறுவதே கேடு என்று நாங்கள் கூறவில்லை. எந்த நிபந்தனையின்மேல் கைமாறுகிறது, அந்நிபந்தனையை எழுதும்போது பெற்றோர் அங்கு இருந்தனரா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

இதற்கு அண்டை மாநிலமாகிய கேரளத்திலிருந்து ஒரு சான்று கூறுவோம். கோழிக்கோடு நகரில் மலாப்பறம்பு என்னுமிடத்தில் நூறாண்டு கடந்த ஓர் உதவி பெறும் பள்ளி இருந்தது. அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். நிலமும் கட்டடமும் தாளாளருக்கு உரியவை. நகரம் வளர நிலத்தின் விலையும் வளர்ந்தது. பிள்ளைகளின் தொகை குறைந்துவிட்டது, வருவாய் இல்லை என்று கூறித் தாளாளர் பள்ளியை மூட முனைந்தார். ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்துப் பள்ளியை மூட அம்மாநிலக் கல்விச் சட்டம் அவருக்கு இடமளித்தது. 2014 ஏப்ரலில், விடுமுறைக் காலத்தில், இரவோடிரவாகக் கட்டடம் இடிக்கப்பட்டது. ஊர் மக்கள் பாதுகாப்புக் குழு அமைத்து, இடிந்த இடத்தில் மீண்டும் வகுப்பறைகளை எழுப்பினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பு பெற்றோருக்கு ஆதரவாக அமையவில்லை. 2016 ஜூனில் பள்ளி மூடப்பட்டது. பிள்ளைகளுக்குக் கலெக்டர் அலுவலக வளாகத்தில் பாடம் நடந்தது. அம்மாதமே கேரள அமைச்சரவை அப்பள்ளியையும், மூடப்படும் நிலையிலிருந்த வேறு மூன்று பள்ளிகளையும் அரசே ஏற்பதென முடிவு செய்தது. சந்தை விலைப்படி இழப்பீடு கொடுத்துப் பள்ளியை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் 1958ஆம் ஆண்டின் கேரளக் கல்விச் சட்டத்திலேயே இருந்தது. பின்னர் அது அரசுப் பள்ளியாக மீண்டும் திறக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் உணர வேண்டுவது ஒன்றுண்டு. நீதிமன்றத்தில் அப்பெற்றோர் வெல்லவில்லை. ஆயினும், கட்டடம் இடிந்த பின்னும் பிள்ளைகள் ஒரு கூட்டமாகவே இருந்தனர். அவர்கள் ஆளுக்கொரு திசையில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றிருந்தால், அரசு ஏற்பதற்கு அங்கே ஒரு வெற்று மனைதான் இருந்திருக்கும். பள்ளி என்பது பிள்ளைகளின் கூட்டமே; சுவரும் கூரையும் அதற்குப் பின்னரே.

நம் பகுதியில் என்ன நடந்தது? திண்ணையில் கூடிய நாற்பது பெற்றோரில் பாதிப்பேர் பத்து நாட்களுக்குள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கலைந்தனர். அஞ்சியவரை நாங்கள் குறைகூறோம். காத்திருந்து இடம் கிடைக்காமற் போனால் பிள்ளைக்கு யார் பொறுப்பு? எஞ்சியோருடன் நாங்கள் மாவட்டக் கல்வி அலுவலரைச் சென்று கண்டோம். புதிய நிர்வாகத்தினரிடமும் பேசினோம். முன்பணம் கட்டியவரின் ரசீது செல்லும், இவ்வாண்டுக் கட்டணம் உயராது, இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகள் தொடர்வர் என்று ஒரு கடிதம் பெற்றோம். அத்தாயின் கேள்விக்கு இரண்டு மாதம் கழித்து விடை கிடைத்தது. ஆனால், அக்கடிதம் ஓராண்டுக்கு மட்டுமே. அடுத்த ஆண்டு என்ன என்று கேட்டபோது, "பிள்ளைகளின் தொகையைப் பார்த்து முடிவு செய்வோம்" என்றனர். நாற்பது குடும்பங்களும் ஒன்றாய் நின்றிருந்தால் அவர்களின் மறுமொழி வேறாக இருந்திருக்கும் என்றே கருதுகிறோம். கலைந்தோரின் பிள்ளைகளுள் இரு சிறுமியர் எப்பள்ளியிலும் சேரவில்லை என்பதை ஆகஸ்டு மாதத்தில்தான் அறிந்தோம். ஒருத்தி இப்போது மீண்டும் படிக்கிறாள். மற்றவள் இன்னும் வீட்டில் இருக்கிறாள். இவ்விழா மகிழ்ச்சியின் நடுவே அக்குழந்தையை மறந்துவிட எங்களால் இயலவில்லை.

இதில் நம் கழகத்தின் பிழையும் உண்டு. அப்பள்ளியின் அங்கீகாரம் எந்த ஆண்டு வரை உள்ளது, கட்டடம் வாடகையா, நிலம் யார் பெயரில் உள்ளது என்று ஒரு நாளும் நாங்கள் கேட்டதில்லை. ஒரு மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கும் நாம், பிள்ளையைச் சேர்க்கும்போது கட்டடத்தின் வண்ணத்தை மட்டும் பார்த்தோம்.

இனி, சட்டம் நமக்குத் தந்துள்ள பிடிமானங்களைக் கூறுவோம். இவற்றை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து முடிக்க வழியில்லையெனில், வேறு பள்ளிக்கு மாற்றம் கேட்க அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு பிள்ளைக்கு உரிமை தருகிறது. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் சேர இவ்வுரிமை செல்லும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்பதற்காகச் சேர்க்கையை மறுத்தல் கூடாது. கட்டண பாக்கி பற்றிய குறிப்பை மாற்றுச் சான்றிதழில் எழுதலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஆணையிட்டது. ஆகவே, சான்றிதழைக் காட்டி அச்சுறுத்துவோர்முன் நாம் நடுங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடம் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் பிள்ளைகளுக்கு உரியது. பள்ளி கைமாறும்போது முதலில் தள்ளாடுவது இவ்விடமே. ஏற்க வருவோரிடம் இப்பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, எட்டாம் வகுப்பு வரை அவர்கள் இலவசமாகவே தொடர்வர் என்று எழுத்தில் பெற வேண்டும்.

மூன்றாவது, கட்டணம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் அரசு அமைத்த குழுவே கட்டணத்தை நிர்ணயிக்கிறது. நிர்வாகம் மாறியது என்பதற்காக நிர்ணயித்ததற்கு மேல் கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

நான்காவது, முறையிடும் இடம். 2018ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிகளுக்கெனத் தனி மாவட்டக் கல்வி அலுவலர்கள் 2022 முதல் உள்ளனர். மனுவை அங்கே கொடுத்து, ஒப்புகைச் சீட்டுடன் திரும்ப வேண்டும். வாய்ச் சொல் காற்றோடு போகும். முத்திரையிட்ட தாள் நிற்கும்.

ஆயினும் ஒரு குறையை மறைக்காமல் கூற வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இவ்விதி இல்லை. பணம் கட்டும் பெற்றோருக்கு அங்கே நாற்காலி இல்லை, வாயிற்படிதான் உண்டு. அந்நாற்காலியை நாமே செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஏழு பெற்றோர் கிடைக்காத பள்ளி எதுவும் இல்லை.

ஒன்றாக நிற்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பதன்று. பெற்றோர் கூடி ஒரு நாளைக் குறிக்க வேண்டும். அந்நாள் வரை எவரும் சான்றிதழ் வாங்குவதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். அதற்கிடையில் சிலர் அண்டையிலுள்ள அரசுப் பள்ளிகளுக்குச் சென்று, வகுப்புவாரியாக இடம் உள்ளதா என்று கேட்டு வைக்க வேண்டும். குறித்த நாளுக்குள் எழுத்தில் உறுதி கிடைத்தால் தொடரலாம். கிடைக்கவில்லையெனில் அனைவரும் ஒரே நாளில், ஒரே பள்ளிக்குச் செல்ல வேண்டும். அவ்வாறு சென்றால் எந்தச் சிறுமியும் வழியில் தவறிப்போக மாட்டாள். ஏற்கும் பள்ளிக்கும் பலம் கூடும்.

இளந்தோழர்களே, இனி உங்கள் பங்கு. நம் பிள்ளைகள் பயிலும் ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் ஒரு குறிப்பேடு திறக்குமாறு வேண்டுகிறோம். அங்கீகாரம் முடியும் நாள், கட்டடம் யாருடையது, நிர்ணயிக்கப்பட்ட கட்டணம், நம் பிள்ளைகளின் பெயர், வகுப்பு ஆகியவற்றை அதில் எழுதுங்கள். ஜூன் மாதத்தில் பெயர் பெயராகச் சரிபாருங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே செல்லுங்கள். எங்களைப் போல் ஆகஸ்டு வரை காத்திராதீர்கள். இது மேடையில் மாலை பெற்றுத் தரும் பணியன்று. ஆனால், ஒரு கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்ததற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

இன்னும் வீட்டில் இருக்கும் அச்சிறுமியின் பெற்றோரை வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் காணச் செல்கிறோம். உடன்வர விரும்புவோர் கழக வாயிலில் கூடுமாறு அழைக்கிறோம். இவ்விழாவின் முதற்பணி அதுவாக அமையட்டும்.