வெட்கம் வேண்டாம், தாமதமும் வேண்டாம்
(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பெண்களிடம் அல்லவா பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம் வீடுகளில் மருத்துவச் செலவுக்குப் பணம் எடுப்பதும், டாக்டரிடம் அழைத்துச் செல்வதும் பெரும்பாலும் ஆண்கள்தாமே! ஆகவேதான் உங்களிடம் பேசுகிறேன்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. சுமார் 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர். சென்னையிலும் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இதற்கே முதலிடம்.

ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனுக்கு மார்பகம் எத்தனை அதிக ஆண்டுகள் ஆட்படுகிறதோ, அந்த அளவுக்கு ஆபத்து கூடுகிறது. இளம் வயதிலேயே பூப்பெய்துதல், பிந்தி மாதவிடாய் நிற்றல், பிள்ளைப்பேறு இல்லாமை, 30 வயதுக்குப் பின் முதல் பேறு ஆகியவை ஆபத்தைச் சற்றுக் கூட்டுகின்றன. தாய்ப்பால் கொடுப்பது அதைக் குறைக்கிறது. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான முடிவின்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்திற்கும் ஆபத்து 4.3 விழுக்காடு குறைகிறது. ஈராண்டுப் பாலூட்டலைக் குர்ஆன் கூறுவதை நாம் அறிவோம். பாலூட்டும் தாய்க்குச் சத்தான உணவும் ஓய்வும் கொடுப்பது யார் பொறுப்பு? நம் பொறுப்பு.

ஆனால் ஒன்று. இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளையில்லாத பெண்ணைப் பார்த்து, "உன்னால் வந்த வினை" என்று எவரும் சொல்லிவிடாதீர்கள். ஐந்து பிள்ளைகளுக்குப் பாலூட்டிய தாய்க்கும் இந்நோய் வரும். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பெண் என்பதையும் நாற்பதைக் கடந்த வயதையும் தவிர வேறு காரணம் எதுவும் தென்படுவதில்லை. ஆபத்தைக் கூட்டுவது வேறு, குற்றம் வேறு.

நம்மால் மாற்றக்கூடியவையும் உண்டு. மது ஒரு காரணம். அது நம் பெண்களிடம் இல்லை என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மாதவிடாய் நின்றபின் ஏறும் உடல் எடையும், உடலுழைப்புக் குறைவும் காரணங்களே. வாரத்திற்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கட்டும். கடையை ஒரு மணி நேரம் முன்னதாகப் பூட்டிவிட்டு நீங்களும் உடன் நடந்தால் என்ன?

கடைசியாக, மிக முக்கியமானது. ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே காட்டுங்கள். ஊசி குத்திச் சோதித்தால் நோய் பரவும் என்பது வீண் அச்சம். பெண் டாக்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

"பெருநாள் வியாபாரம் முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். வியாபாரம் அடுத்த ஆண்டும் வரும். இன்றிரவே தாயிடமும் மனைவியிடமும் பேசுங்கள். "ஏதேனும் இருந்தால் மறைக்காதே, நான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.