பாஞ்சாலங்குறிச்சிக் கல்லறைகள்
(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



எனக்குச் சொந்த ஊர் எப்போதும்வென்றான். "யாருய்யா வென்றது?"ன்னு ஹாஸ்டலில் கேட்காத ஆள் கிடையாது. எங்க பக்கத்தில் வென்றவனும் தோற்றவனும் ஒரே கரிசல் மண்ணில்தான் கிடக்கிறார்கள்.

ஒட்டப்பிடாரம் என்றால் நமக்கு வ.உ.சி. பிறந்த ஊர். அங்கே வெள்ளைக்காரப் படையினரின் கல்லறைகளும் உண்டு. 1799 செப்டம்பர் 5-ல் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியபோது இறந்த டார்மியூ, காலின்ஸ், பிளேக் போன்றவர்கள். அடுத்த மாதம் 16-ந் தேதி கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்த கோட்டையை மண்ணாலேயே மறுபடி எழுப்பினார். மார்ச் 31-ல் மேஜர் மெக்காலே மோதினார். முன்னே பாய்ந்த 120 வெள்ளையரில் காயமில்லாமல் தப்பியவர் 46 பேர்தான் என்று அந்தப் படையிலேயே இருந்த வெல்ஷ் எழுதி வைத்திருக்கிறார். மே 24-ல் கர்னல் அக்னியூ பெரும்படையோடு வந்துதான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. அந்த ஆண்டு மாண்ட ஆங்கிலேயருக்குப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே கல்லறைகள் எழுந்தன.

"வெள்ளைக்காரன் சமாதியை நாம எதுக்குப் பார்க்கணும்?" என்று கேட்பீர்கள். மண்சுவரை வைத்துக்கொண்டு நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு எதிரியே கல்லில் எழுதிக்கொடுத்த சாட்சி அது! கோட்டைக்குள் விழுந்தவனுக்குக் கல் இல்லை. கும்பெனிச் சம்பளத்துக்குப் போய்ச் செத்த நம்மூர்ச் சிப்பாய்க்கும் இல்லை.

வெல்ஷ் இன்னொன்றும் சொல்கிறார். கோட்டை விழுந்தபின் ஒரு தாய் பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடுகிறாள். உயிர் ஊசலாடும் மகன், "என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாத்து" என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. பெண்கள் அவரைத் தூக்கிப் போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு பிள்ளை செத்துட்டான்னு ஒப்பாரி வைத்தார்கள். வந்தவன் ஓடியே போனான்! அந்த நவம்பர் 16-ல் ஊமைத்துரையையும் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டது வேறு கதை.

மாணவத் தம்பி தங்கைகளே, 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். கல்லறைகளுக்கும் போங்கள். எழுத்து மங்குமுன் வாசகங்களை நோட்டில் படியெடுங்கள். அப்படியே சுற்றுப்பட்டிப் பாட்டிமாரிடம் உட்கார்ந்து, கல் இல்லாதவர்களின் பேரையும் கேட்டு எழுதுங்கள்.