மறைவிடத்து மாணவி
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நாட்குறிப்பு என்னும் இலக்கிய வகை தமிழுக்குப் புதியதன்று. 1736ஆம் ஆண்டு முதல் 1761ஆம் ஆண்டு வரை புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்புகளை வரலாற்றறிஞர்கள் இன்றும் போற்றுகின்றனர். ஆட்சியாளர்க்கு மிக அணுக்கமாக நின்று அவற்றை எழுதினார் அவர். ஆட்சியால் துரத்தப்பட்டு, ஒரு வணிக நிறுவனத்தின் பின்கட்டில் ஒளிந்திருந்த பள்ளி மாணவி ஒருத்தி எழுதிய நாட்குறிப்பும் உலக இலக்கியத்தில் நிலைபெற்றுள்ளது. ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பே அது. எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது பெயர்க்கப்பெற்றுள்ளது.

அந்நூலைப் படித்தவர்களும் படிக்காதவர்களும் ஆனைத் துயரத்தின் சின்னமாகவே அறிந்துள்ளனர். ஒளிந்திருந்தாள், பிடிபட்டாள், முகாமில் மடிந்தாள் என்று மூன்று சொற்களில் அவள் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் நூலின் தொடக்கப் பக்கங்களில் நாம் சந்திப்பது ஒரு மாணவியை. மதிப்பெண், ஆசிரியரின் கோபம், தோழியரின் பொறாமை, பனிக்கூழ்க் கடை ஆகியவையே அங்குப் பேசப்படுகின்றன. அம்மாணவியை மறந்துவிட்டுச் சின்னத்தை மட்டும் வணங்குவோமாயின், இழக்கப்பட்டது இன்னதென்று அறியாமலேயே இழப்புக்கு இரங்குபவர்கள் ஆவோம். ஆகவே அவளது பள்ளி, நட்பு, அரசியல் வாதம் என்னும் மூன்றும் இங்கே ஆராயப்பெறுகின்றன.

வகுப்பறை

ஆன் 1929 ஜூன் 12இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தாள். இட்லர் ஆட்சிக்கு வந்தபின் குடும்பம் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1934 முதல் ஆம்ஸ்டர்டாமில் மாண்டிசோரி முறைப் பள்ளியொன்றில் பயின்றாள். 1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படை நெதர்லாந்தைக் கைப்பற்றியது. 1941இல் யூதப் பிள்ளைகள் தனிப்பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டனர். ஆனும் அவள் தமக்கை மார்கோட்டும் யூதர்க்கெனத் தொடங்கப்பெற்ற உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தனர்.

பதின்மூன்றாம் பிறந்தநாளன்று, 1942 ஜூன் 12இல், சிவப்பும் வெள்ளையும் கட்டமிட்ட ஏடொன்று அவளுக்குப் பரிசாகக் கிடைத்தது. அதில் அவள் எழுதிய முதற்செய்திகளுள் ஒன்று, யார் தேர்ச்சி பெறுவார், யார் அதே வகுப்பில் தங்குவார் என்று வகுப்பே பந்தயம் கட்டிக்கொண்டு பதறிய செய்தியாகும். நம் ஊர்ப் பள்ளிகளில் ஆண்டிறுதியில் நிகழ்வதும் இதுதானே!

கணித ஆசிரியர்க்கு ஆன்மீது கோபம். வகுப்பில் ஓயாது பேசுகிறாள் என்பதால், வாயாடி என்னும் தலைப்பில் கட்டுரை எழுதிவரப் பணித்தார். அவளோ, பேசுதல் தாய்வழி வந்த குணம், பரம்பரைக் குணத்துக்கு மருந்தில்லை என்று வாதிட்டு எழுதினாள். ஆசிரியர் சிரித்தார். பேச்சோ நிற்கவில்லை. இரண்டாம் கட்டுரையும் தண்டனையாக வந்தது. மூன்றாம் முறை தலைப்பே வாத்தின் குரலைக் கேலி செய்வதாக அமைந்தது. அதனைச் செய்யுளாகவே எழுதித் தரத் தோழி சானே துணைநின்றாள். மிகுதியாகக் கத்தியதற்காகத் தந்தை அன்னம் தன் குஞ்சுகளைக் கொத்திக் கொன்றதாக அமைந்த பாட்டு அது. ஆசிரியர் அதன் குறிப்பை உணர்ந்தார். வகுப்பில் உரக்கப் படித்தார். அதன்பின் அவளைப் பேச விட்டுவிட்டார்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்களுள் இளமையையும் ஒன்றாக எண்ணினார். இக்கட்டுரை நிகழ்ச்சியில் உள்ள நகை அத்தகையது. அதனுள் ஒரு வாதத்திறனும் இருக்கிறது. அதிகாரத்தை எதிர்த்துக் கூச்சலிடாமல், அதிகாரம் கொடுத்த தலைப்பையே எடுத்துக்கொண்டு அதனைச் சிரிக்கவைக்கும் திறன் அது. பின்னாளில் மறைவிடத்துப் பெரியவர்களோடு அவள் நிகழ்த்திய வாதங்களுக்கெல்லாம் இவ்வகுப்பறையே பயிற்சிக்களம் எனலாம்.

ஐவர் குழு

ஆனும் தோழியர் நால்வரும் மேசைப்பந்தாட்டக் குழு ஒன்று வைத்திருந்தனர். சிறுகரடி விண்மீன் கூட்டத்தில் ஐந்து மீன்கள் என்று எண்ணி அப்பெயரைச் சூட்டினர். பின்னரே ஏழு மீன்கள் என்று தெரியவந்தது. பெயரை மாற்றாமல் 'இரண்டு குறைய' என்று சேர்த்துக்கொண்டனர். ஆட்டம் முடிந்ததும் யூதர்க்கு அனுமதியுள்ள பனிக்கூழ்க் கடையை நோக்கி நடப்பர். வேறு கடைக்குச் செல்லத் தடை இருந்தது.

ஐவருள் இல்ஸ் 1943இல் சோபிபோர் முகாமில் கொல்லப்பட்டாள். செய்யுள் எழுதத் துணைநின்ற சானே அதே ஆண்டில் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டாள். ஆன் 1945இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டாள். ஹானலி, ஜாக்குலின் என்னும் இருவரே உயிர்பிழைத்தனர். விளையாட்டாகக் குறைத்த கணக்கைக் காலம் கொடுமையாகக் குறைத்தது.

ஹானலியின் நட்பு தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1943 நவம்பரில், மறைவிடத்தில் உறங்கப்போகும் வேளையில், கந்தலுடுத்து மெலிந்த ஹானலியின் உருவம் ஆனின் கண்முன் தோன்றியது. தான் பாதுகாப்பாக இருக்கத் தோழி துன்புறுகிறாளே என்று அவள் வருந்தி எழுதினாள். விதி அவ்வுருவத்தைத் திருப்பிப் போட்டது. 1945இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் வேலியின் ஒருபுறம் ஹானலியும் மறுபுறம் ஆனும் நின்றனர். பட்டினியால் நைந்திருந்தவள் ஆன். ஹானலி வேலிக்கு மேலாக எறிந்த முதற்பொட்டலத்தை வேறொரு பெண் பறித்துக்கொண்டாள். மீண்டும் ஒருமுறை எறிந்தபோதுதான் அது ஆனின் கையில் சேர்ந்தது. பள்ளி நட்பின் எல்லை எதுவரை என்று கேட்பார்க்கு இதுவே விடை. ஹானலி 2022ஆம் ஆண்டு வரை வாழ்ந்து இச்செய்தியை உலகுக்குச் சொல்லிவந்தார்.

அரசியல் வந்த வழி

படிக்கின்ற பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பிள்ளைகளின் கல்வி கெடலாகாது என்னும் அன்பே அவ்வினாவுக்கு அடிப்படை. ஆயினும் ஆனின் நாட்குறிப்பு அவ்வினாவைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது. அம்மாணவி அரசியலைத் தேடிச் செல்லவில்லை. அரசியலே அவள் வகுப்பறைக்குள் நுழைந்தது.

எந்தப் பள்ளியில் படிப்பது என்பதை அரசாணை முடிவு செய்தது. 1942 மே முதல் மஞ்சள் நிற விண்மீனை உடையில் தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மிதிவண்டியை ஒப்படைக்க வேண்டும். டிராம் வண்டியில் ஏறலாகாது. ஆகவே வெயிலிலும் பள்ளிக்கு நடக்கவேண்டும். இரவு 8 மணிக்குமேல் வெளியில் இருத்தல் ஆகாது. விளையாட்டுத் திடல், திரையரங்கு, கிறித்தவத் தோழியின் வீடு அனைத்தும் மூடப்பட்டன. மாணவியின் ஒரு நாளை எடுத்து, அதன் ஒவ்வொரு நாழிகையிலும் ஒரு சட்டம் பொருத்தப்பட்டிருந்தது என்று சொல்லலாம். 1942 ஜூலை 5இல் பதினாறு வயது மார்கோட்டுக்குக் கட்டாயப் பணிக்கான அழைப்பாணை வந்தது. மறுநாளே குடும்பம் பிரின்சன்கிராக்ட் 263ஆம் எண் கட்டடத்தின் பின்கட்டில் மறைந்தது.

பள்ளி அத்தோடு முடியவில்லை என்பதே வியப்பு. மறைந்திருந்த எண்மருள் இளையோர் மூவர். தந்தை ஓட்டோ ஃபிராங்க் அவர்க்கு ஆசிரியரானார். பிரெஞ்சு வினைச்சொற்கள், ஆங்கிலம், வரலாறு, இயற்கணிதம் என்று பாடங்கள் நடந்தன. உதவிய பெண்ணொருத்தியின் பெயரில் அஞ்சல்வழிச் சுருக்கெழுத்துப் பாடம் வருவிக்கப்பெற்றது. கணக்கின்மீது வெறுப்பும் அரச மரபுகளின் கொடிவழிகள்மீது பித்தும் ஆனுக்கு அங்கும் மாறவில்லை. மீண்டும் பள்ளிக்குச் செல்லும்போது பின்தங்கிவிடக் கூடாது என்னும் நம்பிக்கையே அப்பாடங்களின் பொருள்.

வாதங்கள்

மறைவிடத்து வானொலி அங்கிருந்தோர்க்கு உணவைப் போன்றது. நேசநாட்டுப் படை எப்போது கரையிறங்கும், போர் எப்போது முடியும் என்பன பற்றிப் பெரியவர்கள் ஓயாது வாதிட்டனர். சர்ச்சில் பேசும்போது அமைதி நிலவும். பேச்சு முடிவதற்குள் வாதிட நாக்கு துடிக்கும். இக்காட்சிகளை 1944 மார்ச் 27ஆம் நாளைய பகுதியில் ஆன் நகைச்சுவையோடு தீட்டுகிறாள். அவள் காதுக்கு இந்தியாவும் எட்டியது. 1943 பிப்ரவரியில் காந்தியடிகள் ஆகாகான் மாளிகைச் சிறையில் 21 நாள் உண்ணாநோன்பு மேற்கொண்டிருந்தார். அச்செய்தியும் அம்மாத இறுதியில் அவளது ஏட்டில் இடம்பெற்றது.

ஓர் ஐயம் இங்கே எழலாம். அரசியலில் தனக்கு ஆர்வம் குறைவு என்று அதே மார்ச் 27ஆம் நாள் அவளே எழுதுகிறாளே, அவளை அரசியல் சிந்தனையுடையவள் என்பது பொருந்துமா? படைகளின் நகர்வைக் கணிக்கும் பேச்சே அவளுக்குச் சலிப்பூட்டியது. மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்தவேண்டும் என்னும் வினா அவளுக்குச் சலிக்கவில்லை. மே 3இல், போருக்குக் கோடிகள் செலவாக, மருத்துவத்துக்கும் ஏழைகளுக்கும் பணமில்லாமற் போவது ஏன் என்று கேட்கிறாள். குற்றம் தலைவர்கள்மீது மட்டும் அன்று, எளிய மக்கள்மீதும் உண்டு என்கிறாள். ஒரு கிறித்தவர் செய்த பிழை அவரோடு நிற்க, ஒரு யூதர் செய்த பிழை யூதர் அனைவர்மீதும் சுமத்தப்படுவதை மே 22இல் கண்டிக்கிறாள். இந்நீதிக்கேடு அந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வவையில் விளக்கவேண்டியதில்லை. ஜூன் மாதத்தில் பெண்கள் ஏன் தாழ்த்தப்பட்டனர் என்னும் வினாவை எழுப்புகிறாள்.

இளையோர்க்கிடையே எழுந்த கருத்துவேறுபாடு இவற்றினும் நுட்பமானது. போருக்குப்பின் தான் யூதன் என்பது பிறர்க்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வேன் என்று பீட்டர் கூறினான். அக்கூற்று ஆனை வருத்தியது. ஏப்ரலில் எழுதும்போது, யூதராயிருப்பதைக் கைவிடாமலே டச்சுக் குடிமகளாக விரும்பினாள். மார்கோட்டோ பாலஸ்தீனம் சென்று மகப்பேற்றுப் பணி செய்ய எண்ணினாள். ஒரே கூரையின்கீழ், ஒரே ஆபத்தில் இருந்த மூன்று இளையோர், மூன்று விடைகள். அடையாளத்தை மறைப்பதா, அதனோடு பிறரோடு கலப்பதா, தமக்கெனத் தனிநிலம் தேடுவதா என்பது இருபதாம் நூற்றாண்டின் பெருவினா. அறிஞர்கள் நூல்கள் எழுதி விவாதித்ததை இவர்கள் தம் வாழ்க்கைத் திட்டமாகவே பேசினர்.

நிறைவு

1944 மார்ச் 28இல் இலண்டனிலிருந்து வானொலியில் பேசிய நெதர்லாந்து அரசின் கல்வி அமைச்சர் போல்கஸ்டைன், போர்க்கால நாட்குறிப்புகளும் மடல்களும் போருக்குப்பின் திரட்டப்படும் என்றார். அதைக் கேட்ட ஆன், மே மாதத்தில் தன் ஏடுகளைத் தொடக்கத்திலிருந்தே தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மாணவி, நேரில் காணாத ஒரு கல்வி அமைச்சரின் சொல்லை ஏற்றுத் தனக்குத்தானே வீட்டுப்பாடம் விதித்துக்கொண்டாள் எனலாம்.

ஜூலை 20இல் இட்லரைக் கொல்லும் முயற்சி நடந்தது. மறுநாள் ஆன் அதைப்பற்றி உற்சாகமாக எழுதுகிறாள். அவ்வுற்சாகத்தின் காரணத்தையும் அவளே சொல்கிறாள்: அக்டோபரில் மீண்டும் பள்ளி இருக்கையில் அமரலாம் என்னும் எண்ணம். ஒரு கொடுங்கோலனின் வீழ்ச்சி அவளுக்குப் பொருள்பட்டது பள்ளி திறப்பதாகவே. இரண்டு வாரங்களில், ஆகஸ்டு 4இல், எண்மரும் கைது செய்யப்பட்டனர். உதவியாளர் மீப் கீஸ் பேணிவைத்த தாள்களைத் தந்தை 1947இல் நூலாக்கினார். எண்மருள் உயிர்மீண்டவர் அவர் ஒருவரே.

வகுப்பில் மிகுதியாகப் பேசுகிறாள் என்பதே அம்மாணவிமீது பள்ளி சாட்டிய குற்றம். அப்பேச்சே இன்று அவ்வகுப்பின் சான்றாக எஞ்சியுள்ளது. நம் வகுப்பறைகளிலும் பேசும் பிள்ளைகள் உளர். அவர்தம் கேள்விகள் சில நமக்கு உவப்பாயிரா. சில முதிராதவையாகவும் இருக்கும். எனினும் தம் பள்ளியையும் தெருவையும் தோழமையையும் எந்தச் சட்டம், எந்த வழக்கம் பிரிக்கிறது என்று அவர்கள் கேட்பார்களாயின், அது படிப்பைக் கெடுக்கும் பேச்சன்று, படிப்பின் பயன். அக்கணித ஆசிரியர் செய்ததுபோல் அதனைக் கேட்டு, உரக்கப் படித்து, தொடர்ந்து பேச விடுவதே கற்பிப்போர் கடனாகும்.