பாராலாசாக் கணவாயில் ஒரு நாள்

1923ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பம்பாய் நகரத்துப் பார்சி இளைஞர் அறுவர் மிதிவண்டிகளில் உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டனர். நான்கரை ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் சுற்றி, 1928 மார்ச்சில் அவர்கள் ஊர் திரும்பியபோது அறுவர் மூவராகியிருந்தனர். அதி ஹகீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா என்னும் அம்மூவரின் பெயரை இன்றும் பலர் சொல்வதுண்டு. இடைவழியில் நின்ற மற்ற மூவரின் பெயரைச் சொல்வார் அரியர். குழுவாகச் செல்லும் பயணங்களின் கதை எப்போதும் போய்ச் சேர்ந்தவர்களின் கதையாகவே அமைந்துவிடுகிறது. நாங்கள் இன்று சொல்லவிருப்பதோ, ஒரு நாட்பயணத்தில் போய்ச் சேராதவர்களைப் பற்றியது.

2017 ஆகஸ்டில் நாங்கள் பன்னிருவர் மணாலியிலிருந்து லே நகருக்கு மிதிவண்டியில் சென்றோம். ரோத்தாங் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கப்பாதை திறக்கப்பட்டது 2020 அக்டோபரில்தான். ஆதலால் அந்நாளில் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயை ஏறிக் கடந்தே லாஹுல் பள்ளத்தாக்கில் இறங்கினோம். எங்கள் குழுத் தலைவி ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை, அகவை ஐம்பத்தெட்டு. வடநாட்டு வழக்கப்படி, அக்காள் என்னும் பொருளில், அவரைத் ‘தீதி’ என்றே யாவரும் அழைத்தோம்.

தீதி எங்களுக்கு இரண்டு விதிகள் வகுத்திருந்தார். முதலாவது, நாள்தோறும் ஒருவர் கடைக்காவலராக இருத்தல் வேண்டும். அவர் தம் முதுகில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் பின்னால் வருவார். அவரைத் தாண்டி ஒருவரும் பின்தங்கலாகாது. இரண்டாவது, விடியற்காலையில் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். தலை வலிக்கிறதா? உறக்கம் வந்ததா? உணவு இறங்கிற்றா? மலைநோய் முதலில் தலைகாட்டுவது இம்மூன்றிலும்தான்.

நாங்கள் சொல்லும் அந்த நாளுக்கு முந்திய இரவு, ஜிங்ஜிங்பார் என்னுமிடத்தில் கூடாரத்தில் தங்கினோம். அது கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே நீர் 86 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே யொழிய அதன் சூடு போதாமையால், பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேகாது. காற்றில் பிராணவாயுவின் பங்கு சமவெளியிலுள்ள அளவேதான். ஆனால் காற்றின் அழுத்தம் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் பிராணவாயு குறைந்துபோகிறது. கணவாயின் உச்சியில் அந்த அழுத்தம் கடற்கரையிலுள்ளதில் பாதிக்குச் சற்றே மேல்.

காலை ஐந்தரை மணிக்கு மூன்று கேள்விகளும் கேட்கப்பட்டன. பன்னிருவரும் ‘நலம்’ என்றே சொன்னோம். எங்களுள் மிக வலியவர் வங்கியில் பணிபுரியும் ஒரு நண்பர். ரோத்தாங்கில் முதலில் ஏறியவர் அவரே. அன்று அவர் தம் ரொட்டியில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். அதை எங்களுள் மூவரேனும் கண்டோம். கண்டவர் எவரும் வாய் திறக்கவில்லை. புறப்பட வேண்டுமே என்ற அவசரம் எங்களுக்கு. வெயில் ஏறியதும் பனி உருகி, சாலையைக் குறுக்கிடும் ஓடைகளில் வெள்ளம் பெருகும். நண்பகலுக்குள் அவற்றைக் கடந்துவிடுவதே அம்மலை வழியில் அறிவுடைமை. எங்கள் கூடாரங்களையும் சமையற்காரரையும் ஏற்றிய பொருள்வண்டி எங்களுக்கு முன்னரே கணவாய்க்கு அப்பாலுள்ள சர்ச்சுவுக்குச் சென்றுவிட்டது.

அன்றைய தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். சமவெளியில் மூன்று மணி நேரத்து வேலை. அங்கோ, மிகச் சிறிய கியரில் மிதித்தும் மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி நகரவில்லை. ஒவ்வொரு கிலோமீட்டர்க் கல்லிலும் நின்று மூச்சு வாங்கினோம். பேச்சு தானாகவே ஒடுங்கியது. வழிநெடுக எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர்கள் கல் உடைத்துக்கொண்டும் தார் காய்ச்சிக்கொண்டும் இருந்தனர். பலர் ஜார்க்கண்டிலிருந்து கோடையில் வந்து, பனி விழுமுன் ஊர் திரும்புவோர். நாங்கள் இன்பத்திற்காக மூச்சு வாங்கிய இடத்தில் அவர்கள் பிழைப்பிற்காக மூச்சு வாங்கினர்.

கணவாய்க்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர் இருக்கையில், நண்பர் வண்டியினின்று இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கலானார். களைப்பென்றே எண்ணினோம். அவ்வேளையில் சாலையோரத்தில் கல் அடுக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் எழுந்து வந்து, “தீதி, இந்த பாபுவின் நடை நேராக இல்லை” என்றார்.

அவர் சொன்ன பிறகே எங்கள் கண் திறந்தது. தீதி சாலையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலுக்கு முன் விரலாக ஒட்டி ஒட்டி அதன்மேல் நடக்கும்படி நண்பரிடம் சொன்னார். நான்காவது அடியில் அவர் கால் பிசகித் தடுமாறினார். மலைநோய் மூளையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். மேலும் ஏறினால் உயிருக்கே கேடு. நள்ளிரவிலிருந்தே தலைவலி இருந்ததென்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார். “என் ஒருவனால் பதினொரு பேர் நிற்பதா?” என்பதே அவர் சொன்ன காரணம்.

திரும்பி இறங்குவதற்கு அவர் உடன்படவில்லை. “கணவாய் இதோ தெரிகிறது, அப்பால் இறக்கம்தானே, அங்கே சரியாகிவிடும்” என்று வாதிட்டார். எங்களுக்கும் அந்த வாதம் இனித்தது. ஏனெனில் எங்கள் விருப்பமும் அதுவே. தீதி படத்தை விரித்துக் காட்டினார். பாராலாசாவின் உயரம் 4,890 மீட்டர். அப்பாலுள்ள சர்ச்சு ஏறத்தாழ 4,290 மீட்டர். முந்திய இரவு அவருக்கு நோய் வந்த இடத்தின் உயரமும் அவ்வளவே. அதற்கும் அப்பால் பாதை மேலும் உயர்ந்த கணவாய்களுக்கே செல்கிறது. தாழ்ந்த நிலம் நாங்கள் வந்த வழியில்தான் இருந்தது. 3,100 மீட்டருக்கும் தாழ்ந்த கேலாங்கில் மருத்துவமனையும் உண்டு.

நண்பரை யார் அழைத்துச் செல்வது? அன்றைய கடைக்காவலர் தாமே முன்வந்தார். அவரோடு மற்றொருவரும் வேண்டும். “தலைவரின் இடம் கடைசி ஆளோடுதான்” என்று சொல்லித் தீதி தம் வண்டியைத் திருப்பினார். அக்கணவாயைக் காண்பதற்காக அவர் ஓராண்டு காலம் பயிற்சி செய்தவர் என்பதை நாங்கள் அறிவோம். தார்ப் பீப்பாய்களை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி ஒன்றைத் தொழிலாளர்கள் கைகாட்டி நிறுத்தினர். மூவரும் மூன்று மிதிவண்டிகளும் அதில் ஏறிக்கொள்ள, லாரி வளைவில் மறைந்தது. நாங்கள் ஒன்பதின்மர் நின்றோம்.

பிற்பகல் ஒரு மணிக்குச் சூரஜ் தால் ஏரியைக் கண்டோம். நீலமும் பச்சையும் கலந்த நீர், கரையெங்கும் கருங்கல். அதற்குச் சற்று மேலே கணவாய். பிரார்த்தனைக் கொடிகள் காற்றில் படபடத்தன. பன்னிருவராக நின்று படம் எடுப்பதென்று மணாலியில் பேசியிருந்தோம். ஒருவரும் படக்கருவியை வெளியே எடுக்கவில்லை. அப்பாலுள்ள ஓடைகள் அதற்குள் பெருகிவிட்டன. முழங்கால் வரை குளிர்ந்த நீரில் இறங்கி, ஒரு வண்டிக்கு இருவராகத் தூக்கிக் கடந்தோம். சர்ச்சுவை அடைந்தபோது இருள் சூழ்ந்துவிட்டது. தொலைபேசித் தொடர்பு அன்று அங்கே இருக்கவில்லை. பன்னிருவருக்கென்று சமைத்த சோறு மீந்தது.

அவ்விரவு எங்களுக்குள் ஒரு விசாரணை நடந்தது. நண்பர் மறைத்தது பிழை என்று ஒருவர் தொடங்கினார். பாதி ரொட்டியைக் கண்டும் பேசாதிருந்த நாங்கள் செய்தது என்ன என்று மற்றொருவர் கேட்டார். அதற்கு விடையில்லை. மூன்று கேள்விகளையும் பலர் நடுவில் கேட்டதே தவறென்று எங்களுக்குத் தோன்றிற்று. பதினொருவர் புறப்படத் துடித்து நிற்கும்போது, ‘எனக்கு நலமில்லை’ என்று சொல்வதற்கு மலையேறுவதைவிட மிகுந்த நெஞ்சுரம் வேண்டும். மிக வலியவர் என்று பெயர் பெற்றவருக்கு அது இன்னும் அரிது. உடல்வலிமை மலைநோய்க்குக் காப்பாகாது. வலியவர் விரைந்து ஏறுவதால் அவரையே அது முந்திப் பற்றுவதும் உண்டு. அடுத்த நாள் முதல் அக்கேள்விகளை ஒவ்வொருவரிடமும் தனியே கேட்டோம். பொருள்வண்டியை முன்னால் அனுப்பாமல் எங்களுக்குப் பின்னால் வரச்செய்தோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லாரி ஓட்டுநர் ஒருவர் மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தீதியின் கையெழுத்து. ‘பிராணவாயு கொடுத்தார்கள். இரவு கிச்சடி உண்டான். கோட்டின்மேல் நேராக நடக்கிறான். நீங்கள் செல்லுங்கள்’ என்று நான்கே வரிகள். அதை ஒன்பதின்மரும் மாறி மாறிப் படித்தோம்.

அம்மூவரும் லேக்கு வரவில்லை, மணாலிக்குத் திரும்பினர். இரண்டு வாரங்களுக்குப் பின் தில்லியில் பன்னிருவரும் கூடினோம். எடுக்காது விட்ட படத்தை அன்று எடுத்துக்கொண்டோம்.

அன்பர்களே, பாராலாசா ஒரு நீர்பிரி மேடு. சூரஜ் தாலில் பிறக்கும் பாகா ஆறு தெற்கே இறங்கி, தாண்டி என்னுமிடத்தில் சந்திராவோடு கூடிச் செனாபாகிறது. கணவாய்க்கு அப்பால் பிறக்கும் யூனாம் வடக்கே ஓடி, சாரப், ஜான்ஸ்கார் ஆறுகளின் வழியே சிந்துவை அடைகிறது. முடிவில் செனாபின் நீரும் சிந்துவிலேயே கலக்கிறது. அன்று நண்பரும் தீதியும் பாகாவின் வழியே இறங்கினர். நாங்கள் யூனாமின் வழியே சென்றோம். யாராவது எங்களிடம், ‘நீங்கள் பன்னிருவரும் பாராலாசாவைக் கடந்தீர்களா?’ என்று கேட்டால், ஒன்பதின்மர் கடந்தோம், மூவர் சரியான இடத்தில் திரும்பினர் என்று சொல்கிறோம். அம்மூவரின் பெயரையும் முதலில் சொல்கிறோம்.