நியமனக் கதிரையும் நியாயவாதியும்



உறுதிக் காணிக்கும் குத்தகைக் காணிக்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. குத்தகைக் காணியிலும் வேலி அடைக்கலாம், விளைவும் எடுக்கலாம். ஆயினும், உடையவர் விடச்சொன்னால் ஒருநாள் விட்டேயாக வேண்டும். நமது அரசியலிலும் அத்தகைய காணியொன்று இருந்தது. அதன் பெயர் மூதவை.

1947 முதல் 1971 வரை இயங்கிய அச்சபையில் உறுப்பினர் 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தெடுத்தது; எஞ்சிய 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். அந்த நியமன வாசல் வழியாக 1965இல் மந்திரிசபை புகுந்தவர் மு. திருச்செல்வம் அவர்கள். சொலிசிற்றர் ஜெனரலாகக் கடமையாற்றிய அந்த இராணி அப்புக்காத்து, தமிழரசுக் கட்சியின் சார்பில் டட்லி சேனநாயக்கா அரசின் உள்ளூராட்சி மந்திரியானார்.

கதிரைக்காகவா சென்றார்? அன்று. 1965 மார்ச் 24ஆந் திகதி கைச்சாத்தான டட்லி–செல்வா ஒப்பந்தம் மாவட்ட சபைகளை வாக்களித்திருந்தது. அவற்றைச் சட்டமாக்கும் பணி அவருடைய அமைச்சைச் சார்ந்தது. 1968இல் வெள்ளை அறிக்கை வெளிவந்தது; எதிர்ப்பு எழுந்தது; அரசு பின்வாங்கியது. அதே ஆண்டில், திருக்கோணேஸ்வரச் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை அமைத்தார். பிரதமர் அக்குழுவின் பணியை நிறுத்தினார். திருச்செல்வம் மந்திரிப் பதவியைத் துறந்தார்.

இதனை அவருடைய தோல்வி என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சட்ட அறிவு மசோதாவை வரையும். அதனை நிறைவேற்றும் வாக்குகளை அது தரமாட்டாது. தாம் அமைத்த குழுவையே காக்க இயலாத பதவியில், வாகனத்துக்காகவும் வரிசைக்காகவும் அமர்ந்திருக்க அவர் ஒருப்படவில்லை. கதிரை போயிற்று, கறுப்பு அங்கி போகவில்லை. 1976இல் அமிர்தலிங்கம் அவர்கள் குற்றஞ்சாட்டப்பட்டு நின்ற வழக்கில் அவருக்காக வாதாட முன்வந்தவர்களுள் திருச்செல்வமும் ஒருவர். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

இன்று மூதவை இல்லை. எனினும், நாடாளுமன்றத்தின் 225 ஆசனங்களுள் 29 தேசியப் பட்டியல் வழியே நிரப்பப்படுகின்றன. கற்றோர் அவ்வழியே செல்வதை நாம் குறைகூறவில்லை. செல்பவர் எதற்காகச் செல்கிறார், அது கைகூடாவிடில் எப்போது திரும்புவார் என்ற இரு கேள்விகளையும் முன்கூட்டியே கேளுங்கள். காணி வாங்கும்போது உறுதியைப் பார்க்கும் நீங்கள், கதிரை தருகிறோம் என்பாரிடமும் உறுதியைக் கேளுங்கள்!